அமாவாசையன்று திண்டிவனம் பஸ்

தொண்ணூறுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்த கையோடு கிடைத்த வேலை. அதை நடத்திய சாருக்குப் பகலில் வேறு உத்தியோகம் இருந்ததால் மாலையில்தான் வருவார். காலை வகுப்புகள் முழுக்க என் பொறுப்பு, சாவியும் என்னிடம்தான். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். மாடி அறையில் எல்லா மெஷினும் ஒரே தாளத்தில் அடிக்கும்போது ஒரு விரல் தப்பினாலும் எனக்குக் கேட்டுவிடும். அந்த வேலையில் நான் கெட்டி என்பது எனக்கே தெரியும்.

தொந்தரவு அமாவாசையன்று மட்டும்தான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஜனம் திரளும் நாள். ஓடுகிற பஸ்களில் பாதியை ஸ்பெஷல் என்று அந்தப் பக்கம் திருப்பி விடுவார்கள். தெற்கேயிருந்து வரும் சென்னை பஸ்கள் பிதுங்கி வரும். திண்டிவனம் என்றால் கண்டக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஓர் ஆடி அமாவாசையன்று உச்சிவெயில் வரை ஸ்டாண்டில் நின்றுவிட்டு, பஸ் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். பரீட்சை நெருங்கிய சமயம். பிள்ளைகள் மாடிப்படியில் காத்திருந்துவிட்டுக் கலைந்து போயிருக்கிறார்கள். மறுநாள் சார் சாயங்காலம் வந்ததும் ஆரம்பித்தார்.

"அமாவாசை இன்னா, சொல்லாம கொள்ளாமலா வருது? முன்கூட்டியே கெளம்ப வேணாமா?"

"நான் முன்கூட்டியேதான் சார் கெளம்பினேன். பஸ்ஸுதான் கெளம்பல."

"இப்படிப் பேசிக்கினு இருக்காத. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உள்ளூர்ல ஆள் பாத்துக்குவேன்."

அம்மா, அந்த வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்திலேயே வேறு பார் என்றாள். எனக்கு விடும் எண்ணமே இல்லை.

அடுத்த அமாவாசைக்கு வழக்கத்தைவிட சீக்கிரம் ஸ்டாண்டுக்குப் போனேன். திண்டிவனத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருந்த அக்கா எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தினமும் ஒன்றாகப் போகிறவர்கள் நாங்கள். பஸ்ஸுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஆளே இல்லாத பஸ்கள், கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பிப் போயின. கிளம்பத் தயாராக நின்ற ஒரு வண்டியின் கண்டக்டரிடம் போய்க் கேட்டேன்.

"இது எங்கண்ணா போவுது?"

"திண்டிவனம் போயி, அங்கருந்து மலையனூருக்கு ஸ்பெஷல் அடிக்கணும்மா."

"அப்ப நாங்க ஏறிக்கிறோம்."

"ஐயய்ய, ஏறக்கூடாது. அதுவரிக்கும் காலியாத்தான் போவணும். செக்கிங் வந்தா எனக்குத்தான் பேஜாரு."

எனக்கு வந்த கோபத்தைவிட உற்சாகம்தான் அதிகம். வழி கண்ணெதிரே நிற்கிறது. நர்ஸக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு டைம் கீப்பர் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அது ஸ்பெஷல் வண்டிம்மா. ரூட்டு வேற."

"ரூட்டு வேறதாங்க. ரோடு ஒண்ணுதானே?"

டம்ளரைக் கீழே வைத்தார். விடாமல் சொன்னேன்: "ஓசில கேக்கலைங்க. டிக்கெட் வாங்கிக்கினுதான் வர்றோம். காலி வண்டி ஓட்டனாலும் டீசல் செலவு இருக்குதில்ல?"

"நான் போனாத்தாங்க நைட் டூட்டி பார்த்த பொண்ணு வீட்டுக்குப் போவும்" என்றார் நர்ஸக்கா. அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேங்க்குக்குப் போகிறவர், பள்ளிக்கூட டீச்சர்கள், கையில் சாப்பாட்டுப் பையோடு இன்னும் பலர். எல்லோருமே மாதாமாதம் என்னைப் போல நின்று திரும்பியவர்கள்தான்.

டைம் கீப்பர் எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அந்தக் கண்டக்டரை அழைத்தார். "இவங்கள ஏத்திக்கினு போப்பா. டிக்கெட் போட்டுரு. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. நடுவுல எங்கயும் நிறுத்தாத."

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தேன். விக்கிரவாண்டியில் நிற்காமல், கூட்டேரிப்பட்டில் நிற்காமல், தனி வண்டி வைத்துக்கொண்டு போகிற மாதிரி போனோம். கண்டக்டரே டீச்சர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். காலை முதல் பேட்ச் பிள்ளைகள் வருவதற்கு முன்பே கதவைத் திறந்து, மெஷின்களைத் துடைத்து வைத்துவிட்டேன்.

அன்று மாலை சார் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இன்னிக்கு அமாவாசையாச்சே. எப்படிம்மா வந்த?"

"ஸ்பெஷல் பஸ்ல சார்."

எல்லாவற்றையும் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கும்போதே, இன்னொரு சாவி செய்து கீழே இருக்கும் தையல் கடையில் கொடுத்து வைக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு என்ன ஆனாலும் பிள்ளைகள் படியில் நிற்க வேண்டியதில்லை. அந்த வாரமே செய்தார்.

மறு அமாவாசையிலிருந்து நாங்கள் கேட்கவேண்டியிருக்கவில்லை. "திண்டிவனம் ஆபீஸ் பார்ட்டிங்கல்லாம் ஜல்தியா ஏறுங்க" என்று கண்டக்டர்களே கூப்பிடத் தொடங்கினார்கள். நான் அந்த வேலையில் இருந்தவரை அது நடந்தது.

வேலைக்குப் போகமுடியாத நாட்கள் அதன்பிறகும் வந்தன. மழையில் ரோட்டை மூடித் தண்ணீர் ஓடிய நாள், லாரி கவிழ்ந்து வண்டிகள் நகராமல் நின்ற நாள். ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். உண்மையிலேயே வழியில்லை என்று தெரிந்தால் டெலிபோன் பூத்திலிருந்து சாருக்குப் பேசி, "பஸ் இல்ல சார், நாளைக்கு வர்றேன்" என்பேன். "சரிம்மா" என்பார். வீட்டுக்குப் போய், அம்மா கையால் சூடாகச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குவேன்.