குற்றாலத்துக்குப் போன யூபிஎஸ்

கல்யாணசுந்தரியைப் பற்றிச் சொல்வதென்றால் சிவசைலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

அவள் கீழப்பாவூர்க்காரி. டிப்ளமா முடித்துவிட்டு, சுரண்டைப் பக்கம் எங்கள் புழுங்கல் அரிசி மில்லில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். நான் அங்கே எலக்ட்ரீஷியன். சிவசைலம் மேனேஜர், முதலாளியின் மச்சான் என்பதைத் தவிர அந்த ஆளுக்கு வேறு தகுதி கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்து நின்றவள் அவள்.

ஆனால் வேலை கம்ப்யூட்டர் வேலைதான். நெல் அவிக்கும் தொட்டிகளின் சூடு வயர் வழியாக ஒரு பெட்டிக்கு வரும். பெட்டி அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சாஃப்ட்வேர் கணக்குப் பார்த்து, ஸ்டீம் வால்வைத் திற, மூடு என்று பெட்டிக்குத் திருப்பிச் சொல்லும். பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. கம்ப்யூட்டர் செத்தாலும் கடைசியாகக் கேட்டதையே அது செய்துகொண்டிருக்கும். அதனால் காவலுக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு ரிலே. கம்ப்யூட்டரிடமிருந்து பதில் வராவிட்டால் எல்லா வால்வையும் அது மூடிவிடும்.

கம்ப்யூட்டரின் பதில் ஒரு நொடி தாமதித்தாலும் ரிலே மில்லை நிறுத்திவிடுகிறதென்று சிவசைலம் வெளியாள் ஒருவனைக் கூட்டி வந்து, ஒரு துண்டு வயரைப் போட்டு அந்த ரிலேயைச் சும்மா ஆக்கிவிட்டார். கல்யாணசுந்தரி சண்டை போட்டாள். கரண்ட் போனாலும் தாங்க யூபிஎஸ்தான் இருக்கிறதே, கம்ப்யூட்டர் எப்படிச் சாகும் என்று அவள் வாயை அடைத்தார்.

ஜூலையில் சாரல் விழுந்தது. மில்களின் பாதுகாப்பைப் பார்க்க வரும் அதிகாரி குடும்பத்தோடு குற்றாலத்தில் முதலாளியின் காட்டேஜில் வந்து இறங்கினார். அங்கே கரண்ட் போனால் விருந்தாளிக்குக் கொசு கடிக்குமாம். சிவசைலம் கூசாமல் எங்கள் யூபிஎஸ்ஸைக் கழற்றிக் காரில் ஏற்றினார். தொட்டியடியில் அவித்த நெல்லை இறக்கும் மூக்கம்மாக்கா நிற்கிறாள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கல்யாணசுந்தரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டு நாள்தானே என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போனது. திரை இருண்டது. வால்வு திறந்தது திறந்தபடியே இருந்தது. கல்யாணசுந்தரி படியிறங்கி ஓடி, கை வால்வைத் திருகி மூடுவதற்குள் தொட்டியின் அடிக்கதவு பிதுங்கி, வெந்த நெல்லும் கொதிநீரும் மூக்கம்மாளின் கால்களில் கொட்டிவிட்டன. அந்த அலறலை நான் எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவதற்கு முன்னால் சிவசைலம் போன் போட்டது காட்டேஜுக்கு. விசாரிக்க அதே அதிகாரி வந்தார். தலையில் பாதி காய்ந்த அருவி ஈரம், உடம்பெல்லாம் மசாஜ் எண்ணெய் வாடை. யூபிஎஸ்ஸும் அவர் கார் டிக்கியிலேயே வந்தது. சீ, இப்படியும் ஒரு பிழைப்பா!

சம்பவம் நடந்தபோது யூபிஎஸ் ஓடியதா என்று அவர் கேட்டார். ஓடிச்சுன்னு சொல்லு, உன் வேலை நிலைக்கும் என்று சிவசைலம் முன்பே அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

"ஓடிச்சு சார். நீங்க குளிச்சிட்டு வந்து ஃபேனுக்கடில தலை காய வச்சீங்கல்லா, அங்கன ஓடிச்சு," என்றாள் கல்யாணசுந்தரி.

அந்த மனுஷன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் யூபிஎஸ் மறுபடியும் அவர் டிக்கியில் ஏறியது. விருந்து இன்னும் முடியவில்லையாம்.

கல்யாணசுந்தரியை அன்றே நிறுத்திவிட்டார்கள். போகும்போது ரிலேயில் போட்ட அந்த வயரை மட்டுமாவது பிடுங்கிப் போடுங்கண்ணே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் போவதற்குள் அந்தப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மூக்கம்மாள் தென்காசி ஆஸ்பத்திரியில் இரண்டு காலிலும் கட்டோடு கிடக்கிறாள். தொட்டியடியில் அவளுக்குப் பதிலாக அவள் மகள் ஜெயபிரியாவை நிறுத்தியிருக்கிறார் சிவசைலம்.