எழுந்து நிற்கும் வழக்கம்

இத்தனை வயதாகியும் அந்த ரயில் பயணத்தை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

என் தம்பி மாணிக்கம் பட்டணத்துப் பழைய பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தான். கோலியனூரில் எங்கள் சேரியிலிருந்து காலேஜ் போன முதல் ஆள் அவன்தான். நான் பள்ளிக்கூடமே போகாதவன். தெருவில் நிலக்கார ஆண்டை வந்தால் எங்கள் ஆட்கள் எழுந்து நிற்க வேண்டும். தம்பியாவது நிற்காமல் வாழட்டும் என்றுதான் உழைத்துப் படிக்க வைத்தேன்.

லீவு முடிந்து அவன் கிளம்பிய அன்று, திண்டிவனத்தில் எனக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை. அந்த வருடம் நல்ல விளைச்சல்; அது கிடக்கட்டும். விழுப்புரத்தில் இருவரும் ஒன்றாக ரயில் ஏறினோம். எதிரே உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையன் தம்பி கையிலிருந்த காலேஜ் நோட்டைப் பார்த்துவிட்டு அவனிடம், "நானும் உங்க காலேஜ்தாங்க, புதுசா சேந்திருக்கேன்" என்று சிரித்தான்.

"அப்ப எழுந்திரு. சீனியர் முன்னாடி உக்காரக் கூடாது" என்றான் தம்பி.

பையன் உடனே எழுந்து நின்றான்.

"இது எங்கடா எழுதியிருக்குது?" என்றேன்.

"எங்கயும் எழுதலண்ணா, வழக்கம். போன வருசம் நானும் நின்னுக்கினுதான் போனேன்."

"ஆண்டையும் வழக்கம்னுதாண்டா சொல்றாரு" என்று நானும் எழுந்து நின்றேன்.

"மானத்த வாங்காதண்ணா, உக்காரு."

நான் உட்காரவில்லை.

திண்டிவனத்தில் இறங்கும்போது, "நீ உக்காருப்பா" என்று பையனிடம் சொன்னேன். அவன் உட்காராமல் என் தம்பியின் முகத்தைப் பார்த்தான். ஆண்டையின் முகத்தை எங்கள் அப்பா அப்படித்தான் பார்ப்பார்.