அரைமார்க் போட்ட இரண்டு

ஐந்துக்கு இரண்டு. ஆறு வருடமாகக் குழாய்க்காரரின் தொண்டையில் நின்ற முள் இதுதான். வேறு எவனாவது போட்டிருந்தால் போடா என்று வேலையைப் பார்த்திருப்பார். போட்டது சொந்த அக்காவின் கணவர். அதுவும் குழாய்க்காரர் தன் ஆயுளில் எழுதிய ஒரே எழுத்துக்கு.

குழாய்க்காரர் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அதற்கப்புறம் பேனாவை எடுத்ததெல்லாம் கையெழுத்துப் போடவும் காது குடையவும்தான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் போனில் ஒரு தளத்தைப் பார்த்தார். பொருள் வாங்கியவர்கள் அது எப்படி இருக்கிறது என்று அங்கே கருத்து எழுதுகிறார்கள். மிக்ஸி, மெத்தை, செருப்பு, பூட்டு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. தன் கையில் எட்டு மாதமாக உழைக்கும் ரெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு ஜீவன் எழுதவில்லை. சரி, தெரிந்தவன் சொல்ல வேண்டியதுதானே என்று உட்கார்ந்தார். மூன்று சாயங்காலம் கட்டை விரலால் தட்டியதில் பதினோரு வரி வந்தது. பிடி வழுக்காது, ஈரக் கையிலும் நிற்கும், பல் தேயவில்லை, காலில் விழுந்தால் வலிக்கும், பார்த்துப் பிடிக்கவும். ஒரு சொல் பொய் கிடையாது. காலில் விழுந்த பிறகுதான் அந்த வரியையே சேர்த்தார்.

அந்தத் தளத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. நீங்கள் எழுதிய கருத்து எவ்வளவு உபயோகமாக இருந்தது என்று மற்றவர்கள் ஐந்துக்கு மார்க் போடலாம். போட்டவர் யார் என்பதும் தெரியும். மூன்றுக்குக் கீழே போனால் உங்கள் கருத்தை மடித்து ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். 'பயன் குறைந்த கருத்து. பார்க்க விரும்பினால் தொடவும்' என்று ஒற்றை வரி மட்டும் வெளியே தெரியும். பயன் குறைந்தது என்று எழுதி ஒட்டியதை எந்த மடையன் தொடுவான்? குழாய்க்காரரின் கருத்துக்கு இந்த உலகத்தில் ஒருவர்தான் மார்க் போட்டார். இரண்டு. பதினோரு வரியும் மடிந்தது. ஆறு வருடத்தில் அதைத் தொட்டுத் திறந்து பார்த்த ஒரே ஆள், எழுதிய ஆள்தான்.

அன்றிலிருந்து அவர் அக்கா வீட்டுக் குழாய் எதையும் தொடவில்லை. பதினாலு தெரு தள்ளி எவர் வீட்டில் சொட்டினாலும் ஓடுவார். அக்காவின் அடுப்படிக் குழாய் மட்டும் ஆறு வருடமாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் குழாயின் வாயில் ஒரு துணியைக் கட்டி, கீழே வாளி வைத்துச் சமாளித்தாள். இவர்கள் மார்க்குக்கு மல்லுக்கட்டட்டும், எனக்கு வாளி மாற்றுவதுதான் விதி என்று இருவர் காதிலும் விழும்படி சொல்வாள். இருவர் காதிலும் விழும். அதோடு சரி.

ஏன் இரண்டு போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வலித்தது தெரிந்துபோகும். அதனால் கேட்கவில்லை. தவிரவும், போட்டவர்தான் போட்ட மார்க்கை மாற்ற முடியும் என்பது தளத்தின் விதி. தானாக உணர்ந்து மாற்றட்டும் என்று குழாய்க்காரர் காத்திருந்தார். நல்ல ஆளிடம் காத்திருந்தார்.

அக்காவின் கணவருக்கு ஊரில் அரைமார்க் என்று பேர். எதற்கு மார்க் போட்டாலும் அரை மார்க் பிடித்துக்கொள்வார். பேருந்து நிலையத்தில், பயணிகள் விட்டுப்போன பொருள்களைச் சேர்த்து வைக்கும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஜன்னல் இல்லாத அறை, இரும்பு அலமாரி ஒன்பது, நடுவில் ஒரு மேசை. வருகிறவர் தன் பொருள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னதும் பொருளும் ஒத்துப்போனால் தருவார். ஒரு மழை நாளில், என் கறுப்புக் குடையைக் கொடுங்கள் என்று ஒருவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். குடை கருநீலம். அரைமார்க் அதைக் கையில் வைத்துக்கொண்டே, கறுப்புக் குடை எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆள் வாசல் வரை போய், வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்து, ஐயா அது நீலம்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் குடை கைமாறியது.

இப்படி இருபத்தாறு வருடம் மற்றவர்கள் சொல்வதைப் பொருளோடு ஒத்துப் பார்த்தே பழகிய மனிதர் கையில் அந்தத் தளம் கிடைத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மற்றவர்கள் எல்லாம் நண்பன் எழுதினால் ஐந்து, ஆகாதவன் எழுதினால் ஒன்று என்று போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். தளத்தின் விதிகள் பக்கத்தை முழுசாகப் படித்தவர் அரைமார்க் ஒருவர்தான். 'நியாயமாக மதிப்பிடவும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவனே மறந்துபோயிருப்பான். இவர் பிடித்துக்கொண்டார்.

பொருளைப் பார்க்காமல் கருத்துக்கு மார்க் போடுவது அயோக்கியத்தனம் என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு பொருளையும் எங்கிருந்தாவது இரவல் வாங்கிவருவார். ஊன்றுகோல் பற்றி ஒரு பெண் எழுதியதற்காக மூன்று நாள் ஊன்றுகோலில் வேலைக்குப் போனார். நிலையத்து ஓட்டுநர்கள் பதறிப்போய்ப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். காலுக்கு ஒன்றுமில்லை, கருத்துக்கு மூன்றரை என்றார். இந்தத் தலைக்கவசம் மாடியிலிருந்து போட்டாலும் உடையாது என்று ஒருவன் எழுதியிருந்தான். மாடியிலிருந்து போட்டார். கவசம் உடையவில்லை. கீழே இருந்த பக்கத்து வீட்டுப் பூந்தொட்டி உடைந்தது. தொட்டி உடையும் என்று கருத்தில் சொல்லவில்லையே என்று அதற்கும் அரை மார்க் பிடித்தார். காது கேட்கும் கருவிக்கு மார்க் போட அதை மாட்டிக்கொண்டு வீட்டில் நடமாடியபோதுதான், மனைவி தன்னைப் பற்றி அடுப்படியில் பேசுவது முழுவதும் அவருக்குக் கேட்டது. கருவி பிரமாதம் என்று எழுதியவருக்கு நாலரை கொடுத்தார். கழற்றி வைத்துவிட்டு அன்று முழுக்கப் பேசவில்லை.

ஒவ்வொரு மார்க்குக்கும் கீழே காரணம் எழுதுவார். காரணம் சில சமயம் கருத்தைவிட நீளமாக இருக்கும். தளத்தில் பாதிப் பேர் அவரைக் கரித்துக்கொட்டினார்கள். பதிலுக்குப் பழிவாங்கலாம் என்றால் அவர் ஒரு கருத்தும் எழுதியதில்லை. எதற்கு மார்க் போட்டுக் குறைப்பது?

ஆறு வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் மார்க்குகள். அதில் காரணம் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று. குழாய்க்காரரின் ரெஞ்சு. அதுதான் குழாய்க்காரரை இன்னும் குடைந்தது. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் பக்கம் பக்கமாகக் காரணம். மச்சானுக்கு மொட்டையாக ஒரு இரண்டு.

போன வருடம் ஒரு மத்தியானம், ஒரு மாடிக் குளியலறையில் குழாய்க்காரர் படுத்துக்கொண்டு வேலை பார்க்கும்போது அக்கா போன் செய்தாள். அவருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, வா என்றாள். குழாய்க்காரர் திருகியதைத் திருகியபடி விட்டுவிட்டு ஓடினார். அந்த வீட்டில் அன்று தண்ணீர் வந்திருக்காது.

ஆஸ்பத்திரி நடையில் அக்காவோடு ஒரு தையல்கார அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. நடந்ததை அந்த அம்மாதான் சொன்னார். அவர் தைக்க உட்காரும் நாற்காலியைப் பற்றித் தளத்தில் எழுதியிருக்கிறார்: நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் இடது பக்கம் வலி வருகிறது. அதற்கு மார்க் போட வேண்டும், உங்கள் நாற்காலியில் உட்காரலாமா என்று அரைமார்க் முறையாக அனுமதி கேட்டு வந்திருக்கிறார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருபதாவது நிமிடம் இடது பக்கம் வலித்தது. வியர்த்தது. அரைமார்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வலி என்று எழுதினது சரிதாம்மா, நேரம்தான் தப்பு, இருபது நிமிடம் முன்னாடியே வருகிறது என்றாராம். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போதும், ஒன்றரைக்கு மேல் தர முடியாது, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

நெஞ்சில் அடைப்பு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்றார் டாக்டர். வயது, சர்க்கரை எல்லாவற்றையும் சொல்லி, எதற்கும் தயாராக இருங்கள் என்றார். அவரை உணர்ச்சிவசப்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார். அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போய் மார்க்கு கீர்க்குன்னு ஆரம்பிச்சே, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்ல."

ஆரம்பிக்க மாட்டேன் என்றுதான் உள்ளே போனார். அரைமார்க் உடம்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு எந்திரம் விட்டுவிட்டுக் கத்தியது. பரவாயில்லையா என்று இவர் கேட்டார். கட்டிலின் கைப்பிடி ஆடுகிறது என்று அவர் சொன்னார். குழாய்க்காரர் குனிந்து இரண்டு கையாலும் முடுக்கிப் பார்த்தார். நிமிரும்போது, இந்த ஆள் போய்விட்டால் அந்த இரண்டு இரண்டாகவே நின்றுவிடுமே என்று பட்டது. வாய் முந்திக்கொண்டது.

"மாமா, என் ரெஞ்சுக்கு ஏன் ரெண்டு போட்டீங்க?"

"அதை இவ்வளவு நாளா கேக்கல நீ."

"இப்ப கேக்குறேன்."

"படிச்சப்ப நாலுன்னு பட்டுச்சு. விழுந்தா வலிக்கும்னு எழுதினே, எவ்வளவு உயரத்துலேருந்துன்னு எழுதல. அதுக்கு அரை. எந்தக் கால்னு எழுதல. அதுக்கு அரை. மிச்சம் நாலு. ஆனா கை ஆறு போடப் போச்சு."

"அஞ்சுக்கு ஆறா?"

"அதான் பயந்துட்டேன். நாலுக்கு மேல ரெண்டு எங்கேருந்து வருதுன்னு யோசிச்சேன். நீ என் பொண்டாட்டி தம்பி. கல்யாணத்தப்ப டவுசர் போட்டுக்கிட்டு என் மடியிலயே உக்காந்திருந்தவன். நீ போயி பதினோரு வரி எழுதியிருக்கே. அந்தப் பாசம்தான் ரெண்டு. மார்க்குல பாசம் சேரக் கூடாது. கழிச்சுட்டேன்."

"அதை எழுதியிருக்கலாமே கீழே."

"பாசம்னு எப்படிடா எழுதுறது தளத்துல?"

குழாய்க்காரர் திரும்பிக்கொண்டார். ஆனால் ஏழாம் வகுப்பு என்றாலும் அளவெடுத்துக் குழாய் வெட்டுகிற மனிதர். கணக்கில் எங்கேயோ ஒழுகுகிறது என்று உள்ளே தட்டியது. திரும்பவும் திரும்பினார்.

"மாமா, அந்த ரெண்டை எதுலேருந்து கழிச்சீங்க?"

"நாலுலேருந்து."

"பாசம் ஆறுலதானே இருந்துச்சு. ஆறுலேருந்து கழிச்சா நாலு. நாலுல பாசமே கிடையாதே, அதுலேருந்து எதுக்குக் கழிச்சீங்க?"

அரைமார்க் போர்வைக்கு மேலே விரலை மடக்கினார். ஆறு மடக்கி இரண்டு விட்டார். மறுபடி மடக்கினார். தலைமாட்டு எந்திரம் வேகமாகக் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடிவந்து, இவரை முறைத்து, ஒயர்களைத் தொட்டுப் பார்த்து, ஏதோ மருந்தை ஏற்றிவிட்டு, யாரும் பேசக் கூடாது என்று சொல்லிப் போனார். போனதும் அரைமார்க் கையை நீட்டினார். "போனைக் குடு."

போன் அக்காவின் பையில் இருந்தது. குழாய்க்காரர் வெளியே போய், மருந்துச் சீட்டின் படம் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி வாங்கிவந்தார். அரைமார்க் கண்ணாடி இல்லாமல் போனை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கால் மணி நேரம் ஆனது. இரண்டை அழித்து நாலு போட்டார். காரணமும் எழுதினார்: 'முன்பு போட்டது கழித்தல் பிழை. எழுதியவர் மேல் குற்றமில்லை. உயரமும் காலும் குறிப்பிடாததற்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைக்கப்படுகிறது.' ஆயிரத்துச் சொச்சத்தில் அவர் திருத்திய மார்க் அது ஒன்றுதான். தளத்தில் மடிப்பு விரிந்து பதினோரு வரியும் வெளியே வந்தது. குழாய்க்காரர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மாமா நெஞ்சுவலியோடு படுத்திருக்கிறாரே என்று வெட்கமாகவும் இருந்தது. இரண்டாவது தடவையும் படித்தார்.

இடது கால்தான், இடுப்பு உயரம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். இப்ப சொல்லி என்ன பிரயோஜனம் என்றார் அரைமார்க்.

பிறகு அவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். புதிதாக ஒரு பொருள் அறைக்கு வந்தால் பார்ப்பாரே, அப்படி. தன் கணக்கில் பிழை கண்டுபிடித்த முதல் ஆள் இவன் என்று சொன்னார். அதற்குள் நர்ஸ் மறுபடி வந்து, நேரமாகிவிட்டது, வெளியே போங்கள் என்றார். மறுநாள் பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோன அரைமார்க் திரும்பி வரவில்லை. ஆகவே அவர் கடைசியாகக் கேட்டது, குழாய்க்காரர் கதவருகே போனபோது கூப்பிட்டு நிறுத்திக் கேட்டதுதான்.

"மச்சான், தையல்காரம்மா நாற்காலி பாதியில நிக்குது. நான் ஒன்றரைன்னு சொன்னது செல்லாது, முழுசா உக்காரல. நீ போயி முடிச்சுக் குடு."

"சரி மாமா. இருபது நிமிஷம்தானே பாக்கி."

"பாக்கின்னு எதுவும் இல்ல. அது என் முதுகு, இது உன் முதுகு. முதல்லேருந்து உக்காரு, நாப்பது நிமிஷமும். நடுவுல போன் எடுக்காத. இடது பக்கம் வலிச்சா உடனே மணியைப் பாரு. ஆனா முதுகா நெஞ்சான்னு தடவிப் பாத்துட்டு எழுது."