கேள்வி இல்லாத மனு

யோகேஸ்வரிக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. லூனாஸ் டவுன் கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தும், என் வீட்டு வாசலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டேதான் பேசுவாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குக் கால் வலிக்கும். ஆனால் எங்கள் தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் அவள்தான். மலாய் மொழியில் அவளைப் போல எழுத இங்கே ஆளில்லை.

போன வருஷம் தோட்டக் கம்பெனிக்காரர்கள் இடுகாட்டு ஓரமாக லாரிப் பாதை போடப்போவதாகச் சொல்லி, சிவப்புச் சாயம் பூசிய கழிகளை நட்டார்கள். ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரம் கொடுத்தார்கள். அந்த ஓரத்தில்தான் நாங்கள் குழந்தைகளைப் புதைப்போம். யோகேஸ்வரியின் பெண் குழந்தையும் அங்கேதான் கிடக்கிறது. இருபத்தாறு வருஷமாகிறது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கமாட்டாள்.

எங்கள் தோட்டத்தில் சண்டை என்றாலே கேள்விதான். "நான் உன்கிட்டயா கேட்டேன், நீ யாரு என்னைக் கேக்க?" பதில் சொல்ல ஆரம்பித்தவன் தோற்றான். மனுவையும் யோகேஸ்வரி அப்படியே எழுதினாள். காட்டை அழித்து மரம் நட்டது யார்? எங்கள் பிள்ளைகள் மனிதப் பிறவிகள் இல்லையா? இனி எங்கள் பிணங்களை எங்கே கொண்டுபோவோம்? எனக்கு ரத்தம் கொதித்தது. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் கம்பெனி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மரம் நட்டது கம்பெனி. பிள்ளைகள் மனிதர்கள் என்பதில் சந்தேகமில்லை. பிணங்களுக்கு டவுனில் மின்சுடுகாடு உண்டு.

"பாவிப்பய, ஒன்னு விடாம பதில் சொல்லியிருக்கான்லா," என்றேன்.

"கேட்டோம், சொல்லிட்டாங்க. தப்பு என்மேலதான்க்கா," என்று வாசலில் நடந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனாள். தீபாவளிக்கு முன்னால் எந்தக் குழிமேட்டை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். புது மனுவின் முதல் வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிலம் கம்பெனியுடையது என்பதை ஒப்புக்கொள்கிறோம் என்று இருந்தது.

"என்னடி இது, நீயே விட்டுக்கொடுக்கிறே?"

"அவங்க சொல்லப்போறத நாமளே சொல்லிட்டா, அப்புறம் அவங்க என்னக்கா சொல்வாங்க?"

'கொடுமை', 'அநியாயம்' என்று நான் சேர்க்கச் சொன்னதையெல்லாம் அடித்துவிட்டாள். மீதமெல்லாம் பட்டியல்தான். பெயர், வயது, புதைத்த தேதி, சுத்தம் செய்கிறவர். நாற்பது பெயரைச் சரிபார்த்து முடித்ததும் அவள் நடப்பது நின்றது. என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரியை எழுதினாள்.

நாற்பத்தொன்று. பெயர் வைக்கவில்லை. மூன்று நாள். சுத்தம் செய்வது அம்மா யோகேஸ்வரி.

நான் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கெடு முடிகிற நாளன்று, பதில் எழுதிய அதிகாரியே பட்டியலோடு வந்துவிட்டார்.

"அக்கா, நாற்பத்தொன்று எந்த இடம்?" என்று யோகேஸ்வரியிடம் மலாயில் கேட்டார்.

யோகேஸ்வரி முன்னால் நடந்தாள். ஓரத்தில் ஒரு கழி அருகே நின்று, "இந்தக் கழி இருக்கிற இடம்தான்," என்றாள்.

அவர் குனிந்து அதைப் பிடுங்கினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.