அசிசியில் ஒரு ஜோடி செருப்பு

மயிலாப்பூர் மாதாவின் பிள்ளைகளே, நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இத்தாலி தேசத்து அசிசிப் பட்டணத்தில் என் மனைவி லூர்து காணாமல் போனாள். விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போனவள். தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. சாயங்கால ரயிலை விட்டால் எங்கள் கப்பலும் போய்விடும்.

எங்கள் பங்குச் சாமியார் அழைத்துப்போன திருயாத்திரை அது. மலைமேல் கல்லாலேயே கட்டிய ஊர். அங்கே கோவில்மேல் இன்னொரு கோவில். கீழ்க்கோவில் வாசலில் லூர்து செருப்பைக் கழற்றினாள். அந்த ஊரில் யாரும் கழற்றுவதில்லை. வெள்ளைக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. போட்டுக்கொள் என்று ஜாடை காட்டினேன்.

“நல்லா கீதே! சாமி வூட்டுக்குள்ள செருப்போட போறதா?” என்றாள். காது கேளாதவள் அல்லவா, வாசலே அதிர்ந்தது.

உள்ளே ஒரே கூட்டம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பினேன், அவள் இல்லை. மேல்கோவிலுக்கு ஓடினேன். புல்வெளிக்கு ஓடினேன். சந்து சந்தாக ஓடினேன். எல்லாம் ஏற்றம், எல்லாம் ஒரே மாதிரி. கூப்பிட்டால் அவளுக்கா கேட்கும்? மறுபடி கீழ்வாசலுக்கு வந்தால், செருப்பு இரண்டும் விட்ட இடத்திலேயே கிடந்தன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் ஓடப் பார்த்தேன்.

கால் எழவில்லை. அழுதுவிட்டேன். “மாதாவே, எனக்குத் தேடத் தெரியவில்லை. நீயே அவளைக் கொடு” என்றேன். உட்கார் என்று யாரோ தோளை அழுத்தினாற்போல் இருந்தது. செருப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். உட்காரவா முடிகிறது? செபமாலையில் நாலு மணி உருட்டுவேன், எழுந்து எட்டிப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று சாமியார் வந்து நின்றார்.

அப்போது வந்தாள். மேல்கோவில் வழியாக வெளியேறி வழி தவறியிருக்கிறாள். எதிர்ப்பட்டவர்களிடம் தன் வெறும் பாதத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறாள். காலையில் அவளைப் பார்த்துச் சிரித்த ஒரு அம்மாளுக்குத்தான் அது புரிந்திருக்கிறது. அந்த அம்மாளே லூர்துவின் கையைப் பிடித்து இந்த வாசலுக்கு அழைத்து வந்தாள்.

“இன்னாத்துக்கு அழுவுறீங்க? செருப்பு இங்க கீது, நான் எங்க போயிடப் போறேன்?” என்றாள் லூர்து.

அதை எடுத்துக்கொண்டு நான் ஓடியிருந்தால்? வெறும் வாசலைப் பார்த்துவிட்டு அவள் மறுபடி எங்கோ போயிருப்பாள்.

அவள் காது திறக்கவில்லை. அதைக் கேட்கத்தான் கடல் தாண்டிப் போனோம். ஆனாலும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் வீட்டிலும் யாராவது தொலைந்து போயிருக்கலாம். அலைந்தது போதும், வந்து உட்கார்ந்து மாதாவிடம் கேளுங்கள். ஞாயிறு பூசைக்கு எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பும் கோவில் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். உங்களுடையதையும் அங்கேயே விடுங்கள்.