இருபத்தைந்து படங்களிலும் நான் அடைத்த ஓட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில் கரமனையில் சின்னதாக ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த எங்கள் தெருப் பெண் லலிதா, தான் வரைந்த படத்தோடு ஒருநாள் வந்தாள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்தவர்களையும், அவர்களுடைய ஆரம்பகாலக் கம்ப்யூட்டரையும் கொண்டாடும் படம். ராட்சத இயந்திரத்தைச் சுற்றி, ஓட்டைகள் போட்ட காகித நாடா ஓடியது; ஓட்டைகளைக் கரும்புள்ளிகளாக வரைந்திருந்தாள். எண்ணிட்ட இருபத்தைந்து பிரதிகள் மட்டும் அடித்து, மேற்கொண்டு யாரும் அடிக்க முடியாதபடி ஸ்கிரீனை அழித்துவிட வேண்டுமாம். கல்யாணப் பத்திரிகை மட்டுமே அடித்தவனுக்குத் தலைகால் புரியவில்லை!

மை இறங்கும் வலைத்துணிதான் ஸ்கிரீன்; அதில் வேண்டாத ஊசித்துளை தெரிந்தால் மை கசியுமென்று அடைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஓரத்தில் ஒன்று தெரிந்தது, அடைத்தேன். எல்லாம் அடித்து, சொன்னபடி ஸ்கிரீனையும் கழுவி அழித்துவிட்டேன்.

பிரதிகளை வாங்க வந்த லலிதா, படத்திலிருந்த நாடாவின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினாள்.

"அண்ணா, இங்க ஒரு ஓட்டை குறையறதே? இது அலங்காரமில்லே, ஓட்டைகளாலேயே எழுதின நிஜமான செய்தியாக்கும்!"

"நீ வரைஞ்சதுலயே இல்லம்மா" என்றேன், கூசாமல்.

அவள் மூலப்படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். புள்ளி அங்கே இருந்தது.

"நான்தான் அடைச்சேன்" என்றேன், தலைகுனிந்து.

திடீரென்று அவள் கைதட்டிச் சிரித்தாள். "இப்படியே இருக்கட்டும் அண்ணா! எதிராளி ஆபரேட்டர் செய்தி அனுப்பறச்சே பண்ணின தப்பைப் பிடிச்சுத்தானே இவா அந்த ரகசியத்தையே உடைச்சா!"

படங்களை வைத்த கண்காட்சியில் ‘ஒரு ஓட்டை குறைகிறது, கண்டுபிடியுங்கள்’ என்று அவள் எழுதிவைக்க, அதைத் தேடிக் கூட்டம் முண்டியடித்தது. கடைசிப் பிரதியை எனக்கே தந்தாள். இன்றும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காலி இடத்தைக் காட்டி, "இது என் கைவேலை" என்பேன்.

என் தப்பு சுவரில் அழகாகத்தான் தொங்குகிறது. அன்று அவளிடம் சொன்ன பொய்தான் இன்னும் உறுத்துகிறது.