ஒரு கண்ணாடிக்கு ஒரு வரி

இன்று காலை மழையில் கும்பகோணத்திலிருந்து திருவாரூருக்கு ஏசி பஸ்ஸில் வந்தேன். ஜன்னல் முழுக்க நீராவி. விரல் தானாகவே போய் ‘சைன் தீட்டா’ என்று எழுதியது, ஒன்றும் விழவில்லை. பார்த்தால், ஆவி படிந்திருப்பது வெளிப்பக்கம்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் பள்ளிக்கூடம் போன டவுன் பஸ்ஸில் எல்லாம் உள்ளேதான்: ஆவி, நனைந்த யூனிஃபார்ம் வாடை, யார் மடியிலோ மல்லிகைக் கூடை. அப்போது பத்தாம் வகுப்பு. முக்கோணவியல் முற்றொருமையில் இடப்பக்கத்தை வலப்பக்கமாக்கிக் காட்ட வேண்டும் இல்லையா? நான் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டையும் முதலிலேயே எழுதிவிடுவேன். நடுவில் சிக்கினால் ஒரே தாவு. ‘எனவே நிரூபிக்கப்பட்டது’ என்று ஸ்கேல் வைத்துக் கோடு வேறு!

“நடு வரியெல்லாம் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சாடி?” என்பாள் பக்கத்து சீட் ரோஸி.

ஒருநாள் அப்படித் தாவிய கணக்கை நோட்டில் பார்த்த கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. “திங்கக்கிழமை இந்தக் கணக்க போர்டுல தாவாம போடு. இல்லன்னா ப்ளஸ் ஒன்ல கணக்கு குரூப் கேக்காத.” எனக்கோ அந்த குரூப்பை விட்டால் உலகமே இல்லை.

திங்கட்கிழமை காலை. அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை, நோட்டு மழையில் கூழ், பஸ் ரயில்வே கேட்டில். ரோஸி ஜன்னலில் ‘ஹா’ என்று ஊதினாள். “இதுல போடுடி.”

ஓர் ஊதலுக்கு ஒரு வரிதான் கொண்டது. அதை அழித்தால்தான் அடுத்தது. வலப்பக்கத்தை எழுத இடமே இல்லை. போய்ச்சேரும் இடம் கண்ணில் படாவிட்டால் எங்கே தாவுவது? சைன் தீட்டா, அதன் கீழே ஒன்று கூட்டல் காஸ் தீட்டா. அதையே வெறித்தேன். கீழே இருப்பதற்கு ஒரு ஜோடி உண்டே, ஒன்று கழித்தல் காஸ் தீட்டா! மேலும் கீழும் அதால் பெருக்கினேன். அழி, ஊது. கீழே ஒன்று கழித்தல் காஸ் வர்க்கம். அழி, ஊது. அதுதான் சைன் வர்க்கம்! ஒரு சைன் அடிபட்டுப் போக, மிஞ்சி நின்றது ஒன்று கழித்தல் காஸ் தீட்டா, அதன் கீழே சைன் தீட்டா: சாட்சாத் வலப்பக்கம்.

“வந்துடுச்சு!” என்று கத்தினேன்.

“எங்கம்மா? கேட்டே இன்னும் தெறக்கல,” என்றார் கண்டக்டர்.

போர்டில் ஒரு வரி விடாமல் எழுதினேன். டீச்சர் சாக்பீஸை வாங்கி, கடைசி வரிக்கு அடியில் தானே கோடு போட்டார். “கணக்கு குரூப்பே எடுத்துக்க, போ.” ரோஸி டெஸ்க்கைத் தட்டிய தட்டு பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும்.

அந்த பஸ் இன்று இல்லை. கேட் இருந்த இடத்தில் பாலம், யாரும் நிற்பதில்லை. ரோஸி மஸ்கட்டில் நர்ஸ். நான்தான் இன்னும் அடங்கவில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களை வைத்து வரும் பெரிய முற்றொருமை ஒன்று இப்போது கையில் இருக்கிறது; அதில் நீண்ட கூட்டல் கடைசியில் ஒரு பெருக்கலாகச் சுருங்கும். எல்லோரும் கூட்டலில் தொடங்குவார்கள். நாளை நான் பெருக்கலில் தொடங்கப் போகிறேன், மறுபக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு.